கண்ணாடிக்கும் முகத்துக்கும் நடுவில்

இதைக் கதை என்று நினைத்துப் படித்துவிட்டுத் தூங்கப் போக உங்களுக்கு வசதி இருக்கிறது. எனக்கு அந்த வசதி இல்லை. இது எனக்கு நடந்தது. நம்பாதவர்களோடு சண்டை போட எனக்குத் தெம்பும் இல்லை. அந்தப் படம் இன்னும் இருக்கிறது. எங்கள் கல்லூரி நுழைவுக் கூடத்தில், கதவு உயரத்துக்குப் பிரிண்ட் போட்டு, சட்டம் அடித்து மாட்டியிருக்கிறார்கள். எல்லோரும் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். நான் மட்டும் பின்பக்கப் படிக்கட்டு வழியாக வகுப்புக்குப் போகிறேன்.

நான் படிப்பது டிஜிட்டல் இமேஜிங். யாராவது கேட்டால் அம்மா, "கம்ப்யூட்டர்ல படம் வரையிறா" என்பாள். பாதி சரி. படம் எடுப்போம், ஸ்கேன் செய்வோம், வெட்டுவோம், ஒட்டுவோம். பிறகு அதெல்லாம் கலைதான் என்று நிரூபிக்க வாய் வலிக்கப் பேசுவோம்.

எங்கள் ஆசிரியைக்கு நாங்கள் வைத்த பெயர் ரெசல்யூஷன் மேடம். எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் முதலில், "ரெசல்யூஷன் பத்தாது" என்பார்; படத்தில் நுணுக்கம் போதவில்லை என்று அர்த்தம். அந்தப் பருவத்துக்கு அவர் கொடுத்த கடைசி வேலை, கேமரா இல்லாமல் உன் முகத்தை உருவாக்கு என்பது. நான் இரண்டு முறை கொண்டுபோனேன். இரண்டு முறையும் மூக்குடைபட்டுத் திரும்பினேன்.

"அழகா இருக்கு. ஆனா இதுல நீ இல்ல. யாரோ ஒருத்தி இருக்கா."

"மேடம், என் முகம்தான் மேடம்..."

"முகம் உன்னுது. நான் அதைக் கேக்கல. நாளைக்குக் காலைல ஒன்பது மணி. நீ இருக்கிற ஒரு படம் கொண்டு வா. இல்லன்னா வேற டிபார்ட்மென்ட் பாத்துக்க. சும்மா மிரட்டுறேன்னு நெனைக்காத."

சும்மா மிரட்டுகிறவர் இல்லை அவர். போன வருடம் இரண்டு பேரைக் கணக்கியல் துறைக்கு அனுப்பி வைத்தவர். எனக்கு எண்களைப் பார்த்தாலே காய்ச்சல் வரும். அது போகட்டும். நான் இந்தப் படிப்பில் சேருவதற்காக அம்மா, வேண்டாம் என்ற பெரியப்பாவோடு சண்டை போட்டுப் பேச்சுவார்த்தையையே நிறுத்தியிருந்தாள். "என் பொண்ணைப் பத்தி எனக்குத் தெரியும்" என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு வந்தவள். நான் தோற்றுப்போய் வீட்டில் நின்றால் அந்தப் பேச்சு என்னாகும்?

அதனால்தான் அன்று இரவு கீழ்த்தள லேபில் தனியாக இருந்தேன்.

பத்தரைக்கு அம்மா போன் செய்தாள்.

"எங்கடி இருக்க?"

"லேப்லமா. விடியிற வரைக்கும் வேலை இருக்கு."

"சாப்டியா?"

"ம்."

"பொய். குரல்லயே தெரியுதுடி. கதவைச் சாத்திக்கோ."

சாத்திக்கொண்டேன். வாட்ச்மேன் அண்ணா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, மாடி விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டுப் போனார். இருபது கம்ப்யூட்டர்களில் ஒன்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் பெரிய ஸ்கேனர். செய்தித்தாளை விரித்து வைக்கலாம், அவ்வளவு பெரியது. என் யோசனை இதுதான்: கேமராதானே கூடாது? முகத்தை நேராக ஸ்கேனர் மேல் வைத்துவிட்டால்?

இங்கே ஸ்கேனரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது தெரிந்தால்தான் பின்னால் நடந்தது புரியும். எங்கள் ஸ்கேனருக்குக் கிட்டப்பார்வை. கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருப்பது மட்டும்தான் அதற்குத் தெளிவாகத் தெரியும். ஒரு விரல் அளவு விலகினால் மங்கிவிடும். ஒரு சாண் விலகினால் வெறும் புகை. முகத்தை அழுத்தி வைத்தால் நெற்றி, மூக்கு நுனி, கன்னம் எல்லாம் பளிச்சென்று விழும். காது கலங்கிப்போகும். ஆகவே, படத்தில் எது தெளிவாக இருக்கிறதோ அது கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்தது என்று அர்த்தம்.

மூடியைக் கழற்றிக் கீழே வைத்தேன். தலைமுடியை அள்ளி ஒரு துணித் தொப்பிக்குள் திணித்தேன். ஒரு முடி விழுந்தாலும் படத்தில் கம்பி போலத் தெரியும். மேசை முன்னால் முட்டி போட்டு, முகத்தைக் கண்ணாடியில் வைத்து, வெளிச்சம் புகாமல் தலைக்கு மேல் கறுப்புத் துணியை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். விளக்கு கூசும் என்பதால் கண்ணை இறுக மூட வேண்டும். கண்ணாடி வியர்க்காமல் இருக்க மூச்சை அடக்க வேண்டும். கையால் தடவிப் பட்டனை அமுக்க வேண்டும்.

க்ர்ர்ர்ர்ர்ர்...

மூடிய இமைகளுக்குள் சிவப்பு வெளிச்சம் மெல்ல நகர்ந்து போனது.

டக்.

மணி 11.20. படம் மோசமில்லை. தொட்டிக் கண்ணாடியில் முட்டிக்கொண்ட மீன் மாதிரி இருந்தேன். ஆனால் மேடத்தின் குரல் காதிலேயே இருந்தது. இதுல நீ இல்ல. சரி, இன்னொன்று எடுப்போம்.

இரண்டாவது படத்தில் கீழ் மூலையில் கொஞ்சம் முடி இருந்தது. நுனி நுனியாக, மிகத் தெளிவாக. தொப்பியைத் தடவிப் பார்த்தேன். ஒரு முடிகூட வெளியே இல்லை. துணியால் கண்ணாடியைத் துடைத்தேன். துணியிலும் ஒன்றும் ஒட்டவில்லை. எனக்கு முன்னால் உபயோகித்த புண்ணியவான் யாரையோ திட்டிவிட்டு மறுபடியும் முகத்தை வைத்தேன்.

மூன்றாவது படத்தில் முடி அதிகமாகியிருந்தது. இந்த முறை இன்னொன்றும் சரியில்லை. என் முகம் மங்கியிருந்தது.

நான் அசையவில்லை. வலிக்க வலிக்க மூக்கை அழுத்தியிருந்தேன். ஆனால் படத்தில் மூக்கு நசுங்கவே இல்லை. கண்ணாடியிலிருந்து இரண்டு விரல் தள்ளி இருக்கும் முகம் எப்படி விழுமோ, அப்படி விழுந்திருந்தது.

ஸ்கேனர் கோளாறு என்று நினைத்தேன். ஒரு இரும்பு ஸ்கேலை வைத்து ஸ்கேன் செய்தேன். கோடுகள் எல்லாம் ஊசி மாதிரி தெளிவாக வந்தன. ஸ்கேனரில் கோளாறு இல்லை.

நாலாவது படம். மணி 12.34.

ஒரு காது.

கண்ணாடியைத் தொட்டுக்கொண்டு, பின்பக்கமாகத் தெரியும் ஒரு காது. அதைச் சுற்றி முடி. அதற்கு அப்பால் கலங்கலாக என் கன்னம். என் இரண்டு காதுகளையும் தொட்டுப் பார்த்தேன். இரண்டும் தொப்பிக்குள் இருந்தன.

யாரோ எடுத்த பழைய ஸ்கேன் ஏதாவது நினைவகத்தில் தங்கிக் கலந்திருக்கும் என்று எனக்கு நானே பாடம் எடுத்தேன். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். பயமாக இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. ஆனால் காலை ஒன்பது மணி என்பது எனக்கு அதைவிடப் பெரிய பேய். ஒரே ஒரு படம், அதோடு சரி என்று முட்டி போட்டேன்.

மணி 1.17.

துணியை இழுத்துப் போர்த்தினேன். முகத்தை வைத்தேன்.

கண்ணாடி சில்லென்று இல்லை. வெதுவெதுப்பாக இருந்தது. இவ்வளவு நேரம் ஓடிய மெஷின், சூடாகத்தான் இருக்கும். துணிக்குள் அழுக்குத் தலை வாசனை அடித்தது. இரண்டு நாளாகத் தலைக்குக் குளிக்கவில்லை, என்னுடையதாகத்தான் இருக்கும்.

மூச்சை அடக்கினேன். பட்டனை அமுக்கினேன்.

க்ர்ர்ர்ர்...

சிவப்பு வெளிச்சம் தாடையில் தொடங்கி மேலே வந்தது. உதடு... மூக்கு...

நின்றுவிட்டது.

சத்தம் நிற்கவில்லை. வெளிச்சம் மட்டும் நின்றது. இமைகளுக்குள் முழு இருட்டு. விளக்குக்கும் எனக்கும் நடுவில் எதையோ வைத்து மறைத்தது போல.

க்ர்ர்ர்ர்...

உதட்டில் மூச்சுக் காற்று பட்டது.

நான் மூச்சை அடக்கியிருந்தேன்.

மறுபடியும் பட்டது. சீராக. தூங்குகிறவர்களின் மூச்சு மாதிரி...

கண்ணைத் திறக்கவில்லை. சத்தியமாகத் திறக்கவில்லை.

டக்.

துணியை உதறிக்கொண்டு பின்னால் விழுந்தேன். நாற்காலி சாய்ந்தது. ஸ்கேனர் மேல் ஒன்றும் இல்லை. வெறும் கண்ணாடி.

திரையில் படம் மேலிருந்து கீழாகத் திறந்துகொண்டிருந்தது.

ஒரு பின்னந்தலை.

தலையணையில் படுத்திருப்பது போல, கண்ணாடியில் சாய்ந்து மேலே பார்த்துக்கொண்டு ஒரு தலை. ஒவ்வொரு முடியும் எண்ணிவிடலாம் போலத் தெளிவாக இருந்தது. அதன் ஓரத்தைத் தாண்டி எதிரே, அதன் மேல் குனிந்தபடி, புகை மூட்டமாக ஒரு முகம். துணித் தொப்பி போட்ட முகம்.

என் முகம்.

கண்கள் திறந்திருந்தன.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பக்கத்தில்...

க்ர்ர்ர்ர்...

யாரும் பட்டனைத் தொடவில்லை.

ஓடினேன்.

விடியும்வரை வாட்ச்மேன் அண்ணாவின் அறையில் உட்கார்ந்திருந்தேன். "என்னம்மா, முகமெல்லாம் வெளுத்துப் போய்க் கெடக்கு?" என்றார். "ஒண்ணுமில்லண்ணா" என்றேன். அவர் தண்ணீர் கொடுத்தார்.

ஒன்பது மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, படிப்பை விடுவதாகச் சொல்லிவிடலாம் என்ற முடிவோடு கீழே இறங்கினேன். லேபில் விளக்கு எரிந்தது. மேடம் எனக்கு முன்பே வந்து, திரைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். படம் அப்படியே திறந்திருந்தது. ஸ்கேனர் அமைதியாக இருந்தது.

அவர் ரெசல்யூஷனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"இப்ப இருக்க நீ" என்றார் மெதுவாக. "இதுல இருக்க. எப்படிப் பண்ணின?"

"தெரியல மேடம். அதுவா வந்துச்சு."

சிரித்தார். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. வகுப்பிலேயே அதிக மதிப்பெண் எனக்குத்தான். போனில் சொன்னபோது அம்மா அழுதேவிட்டாள். "இப்பவே உன் பெரியப்பனுக்குப் போன் பண்றேன் பாரு" என்றாள். அந்தக் குரலைக் கேட்ட பிறகு, படம் எப்படி வந்தது என்று வாயைத் திறக்க எனக்கு மனசு வரவில்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

பருவம் முடிந்து கண்காட்சி வைத்தார்கள். என் படம்தான் நடுவில். அம்மா இருப்பதிலேயே நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு படத்தின் முன்னால் போய் நின்றாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு அவள் முகம் மலர்ந்தது.

"ஏண்டி, பின்னந்தலையைப் போய் இவ்ளோ பெருசாப் போட்டிருக்க?"

"யாரோட தலைன்னு தெரியலமா."

"தெரியலையா? உன் தலைடி இது." பிரிண்டில் காதுக்குப் பின்னால் விரலை வைத்துக் காட்டினாள். திரையில் நான் கவனிக்காத ஒரு சின்ன வெள்ளைக் கோடு, முடி முளைக்காத இடம், அங்கே ஒரு விரல் நீளத்துக்கு இருந்தது. "மூணு வயசுல கட்டில்லேர்ந்து விழுந்து தையல் போட்டது. அந்த எடத்துல முடியே வரல. தலை வாரி விட்டவளுக்குத் தெரியாதா?"

எனக்கு அப்படி விழுந்ததாக நினைவில்லை. மூன்று வயதில் நடந்தது யாருக்கு நினைவிருக்கும்?

அம்மாவின் பார்வை தலையைத் தாண்டி, எதிரே குனிந்திருந்த முகத்துக்குப் போனது. சிரிப்பு மெல்ல வடிந்தது.

"எதிர்ல இருக்கிறது யாருடி?"

"நான்தான்மா."

அவள் படத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடியும் படத்தைப் பார்த்தாள். அப்புறம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே நடந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் என்னை விளக்குக்குக் கீழே உட்கார வைத்தாள். பின்னலை அவிழ்த்தாள். காதுக்குப் பின்னால் முடியை விலக்கித் தடவினாள். விரல் நின்றது. மறுபடி தடவியது. "இங்கதானே இருக்கணும்..." என்று முணுமுணுத்தாள். அடுத்த காதுக்குப் பின்னால் பார்த்தாள். உச்சி, பிடரி, எல்லா இடத்திலும் விலக்கி விலக்கித் தேடினாள்.

எல்லா இடத்திலும் முடி அடர்த்தியாக இருந்தது.

அம்மா கையை எடுத்துக்கொண்டாள். எழுந்து சமையலறைக்குப் போனாள். பிறகு தட்டு வைக்கும் சத்தம் கேட்டது.

"சாப்பிட வாங்க" என்றாள், என்னைப் பார்க்காமல்.

அம்மா என்னிடம் மரியாதை போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. இன்றுவரை அவள் அதை மாற்றிக்கொள்ளவில்லை.