கண்ணைக் கட்டி உலகத்தைச் சுற்றிவிட்டவர்

பூமி தானாகச் சுற்றுகிறது என்று பாடப்புத்தகத்தில் போட்டிருக்கிறது. ஒப்புக்கொள்ள மாட்டேன். என் அத்தை சுற்றிவிட்டதால்தான் சுற்றுகிறது. ஒரு விமானப்படைக்கே தலைசுற்றல் கொடுத்தவருக்குப் பூமி எம்மாத்திரம்?

விமானப்படைப் பயிற்சி நிலையத்தில் அத்தைக்கு இருபத்தெட்டு வருட வேலை. ஜன்னலில்லாத அறை, நடுவில் ஒரு சுழல்நாற்காலி, சுவரோரம் வாந்திக்கு ஒரு வாளி. பயிற்சி பைலட்டின் கண்ணைக் கறுப்புத் துணியால் கட்டி, நாற்காலியை ஒரே சீராகச் சுற்றுவார். சுற்றும் பக்கத்தை பைலட் கட்டைவிரலால் காட்ட வேண்டும். கொஞ்ச நேரத்தில் விரல் மடங்கிவிடும், நாற்காலி நின்றுவிட்டது என்ற நினைப்பில். நிஜமாகவே நிறுத்தினால், எதிர்ப்பக்கம் சுற்றுவதாகக் காட்டுவார். மேகத்துக்குள் போனாலும் உடம்பு இப்படித்தான் புளுகும். அப்போது சாய்வைக் காட்டும் மீட்டரை விட்டு உடம்பை நம்பினால், விமானம் தரையைத் தேடிப் போய்விடும்.

சனிக்கிழமைகளில் அத்தை கண்கட்டுத் துணிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து துவைப்பார். கொடி முழுக்கக் கறுப்பாக ஆடும். அந்த சோப்பு வாசனை இன்று எங்கே வந்தாலும் எனக்குப் பதினொரு வயதாகிவிடும்.

அந்த வருடம்தான் என் அண்ணன் அந்த நாற்காலியில் உட்கார்ந்தான். தப்பாகக் காட்டினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று ஒரு வாரமாகத் தூக்கமில்லை அவனுக்கு. ஆனால் அன்று விரல் ஒருமுறைகூடப் பிசகவில்லை.

"எல்லாமே கரெக்ட்டா, அத்தை?" என்று இளித்திருக்கிறான்.

"அதான்டா சிக்கல். இங்க தப்பா காட்டுறவன்தான் மனுஷன். கழட்டு துணிய."

துணியில் இரண்டு ஊசி ஓட்டைகள். குத்தியது யார் என்பது இன்றுவரை மர்மம். அண்ணனும் வாயைத் திறக்கவில்லை.

அத்தை அவனை மறுபடி முதலிலிருந்து படிக்கச் சொல்லி எழுதிவிட்டார். ஆறு மாதம் போச்சு. அப்பா குதித்தார்.

"நீ தூக்கி வளத்த புள்ளதானே? ஒரு கையெழுத்து போட்டா குறைஞ்சா போயிடுவ?"

"தூக்கி வளத்ததாலதான்ணே போடல."

ஒரு வருடம் அண்ணன் அத்தையோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் போன் வந்தது.

"மேகத்துக்குள்ள மாட்டிக்கிட்டேன் அத்தை. கவுந்து பறக்குற மாதிரியே இருந்துச்சு. மீட்டர் நேரா இருக்குன்னு காட்டுச்சு. உங்கள மனசுக்குள்ள திட்டிக்கிட்டே மீட்டர நம்பினேன்."

"சரி, சாப்டியா?" என்று மட்டும் கேட்டார். போனை வைத்துவிட்டு ரொம்ப நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

போன வாரம் அத்தை ஓய்வு பெற்றார். இதுவரை எழுதியதைப் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுப் படித்துக்கொண்டு வந்தவர் ஒரு வரியில் நின்றுவிட்டார்.

"மர்மமாமே! ரெண்டு ஓட்டையும் கிட்டக் கிட்ட இருந்துச்சு. உங்கண்ணன் மூஞ்சி முறம் மாதிரி. பாவம், ஒத்தக் கண்ணாலதான் பாத்திருக்கான். யாரோ ஒரு பொடியன் தன் மூஞ்சில கட்டி அளவெடுத்துக் குத்தியிருக்கான்."

"எந்தப் பொடியன் அத்தை?"

"அண்ணன் மேல அவ்வளவு பாசமாடா, கழுதை?"