மீசை கெடச்சுதுங்களா?

செம்மேட்டில் எதிர்ப்படுகிறவர்கள் என்னிடம் "சாப்பிட்டாச்சுங்களா" என்று கேட்பதில்லை. "மீசை கெடச்சுதுங்களா?" என்று கேட்கிறார்கள். சந்தைக்குச் சாமை மூட்டை சுமந்து வருகிறவரும் கேட்கிறார், பாறையில் மிளகு காயவைக்கிற பெண்ணும் கேட்கிறாள். அந்தக் குரலில் துளி கேலி இராது. காணாமல் போன மாட்டை விசாரிப்பதுபோல அக்கறையாகக் கேட்பார்கள். "இன்னும் இல்லீங்க" என்று சொல்லிவிட்டு நடப்பேன். இரங்கூனை விட்டு வந்து ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கும் என் ஜனங்களே, உங்களை யாராவது இப்படி விசாரிக்கிறார்களா?

நான் பிறந்ததே இரங்கூனில். ஆனாலும் கப்பலில் வந்து இறங்கியதும் எல்லோரும் "சொந்த நாட்டுக்கு வந்துவிட்டாய்" என்றார்கள். சொந்த நாட்டில் எனக்கென்று இருந்தவர் காட்டிலாகாவில் வேலை பார்க்கும் சித்தப்பா ஒருவர்தான். அடிவாரத்துச் சேந்தமங்கலத்திலிருந்து அவர் பின்னால் மூச்சிரைக்க மலையேறி வந்தேன். டிராம் மணிச் சத்தத்தில் கண்விழித்துப் பழகியவளுக்கு, விடிந்தும் எதிர்வீடு தெரியாத இந்த மூடுபனி பிடிபடவே இல்லை. இன்றும் பிடிபடவில்லை.

என் வீட்டுக்காரர் அங்கே ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கும் வேலை பார்த்தார். ஏல விளம்பரம், இரங்கல் செய்தி, சண்டைச் சேதி என்று பகலெல்லாம் கோர்த்துவிட்டு, வீட்டுக்கு வந்தால் அசட்டு நாவல்கள்தான் படிப்பார். தலையும் இராது, வாலும் இராது. "இதில் என்ன இருக்கிறது?" என்று எரிச்சலோடு கேட்பேன். "ஒன்றுமே இல்லை, அதற்காகத்தான் படிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் தனியாகச் சிரிப்பார். கடைசியாக அவர் வாங்கி வந்ததில் ஒரு மிராசுதார் காலையில் எழுந்து கண்ணாடி பார்க்கிறார், மீசையைக் காணோம். ஊரே திரண்டு தேடுகிறது. வாத்தியார் கிணற்றில் இறங்குகிறார். சந்தேகத்தின்பேரில் ஓர் ஆட்டுக்கிடாவின் தாடியை அளந்து பார்க்கிறார்கள். கேலி பேசிக்கொண்டிருந்த நானே அதைப் பிடுங்கிப் படிக்க ஆரம்பித்துவிட்டேன்.

குண்டு விழ ஆரம்பித்ததும் கப்பலில் எனக்கு மட்டும் இடம் கிடைத்தது. அவர் பின்னால் காட்டுவழியாக நடந்து வருவதாக ஏற்பாடு. துறைமுகத்தில் அந்தப் புத்தகத்தை எடுத்து, தையல் பக்கம் பார்த்து, நடுவில் இரண்டாகப் பிரித்தார். "முன்பாதியை நீ படித்துக்கொண்டு போ. நான் அதைத் தாண்டிவிட்டேன். ஊரில் சேர்ந்ததும் தைத்துக்கொள்ளலாம்." நான் சொன்னேன், "வந்ததும் முடிவைச் சொல்லிவிடாதீர்கள்." அவரிடம் நான் கடைசியாகப் பேசியது இதுதான். இன்றுவரை அவரும் சொல்லவில்லை.

என் பாதியின் கடைசி வரியில் சமையற்காரன் குழம்புச் சட்டியைத் திறந்து பார்த்து, "எசமான், மீ" என்று அலறுகிறான். அத்தோடு பக்கம் முடிந்துவிட்டது. மீசையா, மீனா? அடுத்த எழுத்து அவர் கையில் இருக்கிறது.

பக்கத்து வீட்டு வெள்ளையம்மாக்கா இதே மலையின் ஆலத்தூர் நாட்டிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர். மிளகும் சாமையும் அவர் வெள்ளாமை. நான் அந்தக் கிழிந்த புத்தகத்தையே திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்டு, "அதுல என்ன கண்ணு எழுதியிருக்குது?" என்று கேட்டார். மிளகு உதிர்த்துக்கொண்டிருந்த பெண்களுக்கு முழுப் பாதியையும் படித்துக் காட்டினேன். ஒருத்தியும் சிரிக்கவில்லை. "ஆடு பாவமுங்க" என்றாள் ஒருத்தி. மீனாக இருந்தால் எதற்கு அலறப்போகிறான் என்று வாக்குவாதம் நடந்தது. "மீதி எங்க கண்ணு?" என்றார் அக்கா. "என் வீட்டுக்காரரிடம் இருக்கிறது. வந்துகொண்டிருக்கிறார்" என்றேன். அன்றிலிருந்துதான் இந்த விசாரிப்பு.

சண்டை முடிந்துவிட்டது. காட்டுவழியாக வந்தவர்களில் பிழைத்தவர்கள் எல்லோரும் வந்தாயிற்று என்கிறார்கள். சித்தப்பா போன வாரம் தரையைப் பார்த்துக்கொண்டே, "எத்தன நாளைக்குக் கண்ணு பொட்டோட உக்காந்திருப்பே? கருமாதியாவது பண்ணிப்போடலாம்" என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கதையில் ஒரு மீசைக்காக ஊரே திரண்டு கிணற்றில்கூட இறங்கித் தேடுகிறது. எங்கள் ஆட்கள் எத்தனையோ பேர் மணிப்பூர்க் காட்டில் காணாமல் போனார்கள், தேட ஒருவரும் கிளம்பவில்லை. அந்த அசட்டுக் கதைகளை அவர் ஏன் விரும்பினார் என்பது எனக்கு இப்போதுதான் புரிகிறது. அங்கே காணாமல் போவது மீசைதான். யாரும் சாவதில்லை.

மறுநாள் வெள்ளையம்மாக்கா தயங்கித் தயங்கி வந்து உட்கார்ந்தார்.

"ஏங்கண்ணு, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?"

"சொல்லுங்கக்கா."

"மீசை போன வெக்கத்துலதான் உன் ஊட்டுக்காரரு வராம இருக்காருன்னு ஊருல பேசிக்கறாங்க. மீசை என்ன கண்ணு, இன்னைக்குப் போனா நாளைக்கு மொளைக்குது. இல்லாட்டியும் பரவாயில்ல, வந்துருங்கன்னு ஒரு கடுதாசி எழுது. நாளைக்கு நான் கீழ எறங்கறேன், சேந்தமங்கலத்துல போட்டுடறேன்."

இத்தனை நாளும் இவர்கள் விசாரித்தது கதையை அல்ல, என் வீட்டுக்காரரை! அவருக்கு மீசையே கிடையாது. தினமும் மழமழவென்று மழித்துக்கொள்கிற மனிதர். எனக்குச் சிரிப்பு பீறிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். மலையேறி வந்த பிறகு நான் சிரித்தது அன்றுதான். சிரிப்பை நிறுத்த முடியாமல் அப்படியே அழுதேன். அக்கா என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

அவர் போனதும் எழுதினேன். "மீசை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வந்துவிடுங்கள். வர முடியாது என்றால் யாரிடமாவது சொல்லியனுப்புங்கள். முடிவைச் சொல்லிவிட்டாலும் பரவாயில்லை." சித்தப்பாவிடம், "இதற்கு ஒரு பதில் வரட்டும். அப்புறம் நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்" என்றேன். அப்படி ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை.

உறையில் எங்கள் இரங்கூன் வீட்டு விலாசத்தை எழுதினேன். அனுப்புபவர் பெயருக்குக் கீழே பார்த்தால், அங்கேயும் கை அதே விலாசத்தை எழுதியிருந்தது. ஒரு கோடு இழுத்து அதை அடித்துவிட்டு, பக்கத்தில் செம்மேடு என்று எழுதினேன். கோட்டுக்கு அடியில் பழைய விலாசம் தெளிவாகவே தெரிந்தது. உறையை மாற்றாமல் அப்படியே அக்காவிடம் கொடுத்தேன்.