நான் திருப்பி அனுப்பிய புகார்

நீல அட்டை போட்ட பள்ளிக்கூட நோட்டு அது. பெயர், வகுப்பு, பாடம் என்று அச்சடித்திருந்த கோடுகளில் பாடத்துக்கு நேரே மட்டும் பச்சை மையில் ‘வேலை’ என்று எழுதியிருந்தது. உள்ளே பக்கம் பக்கமாக, தன் கணவருக்கு வந்த செல்போன் செய்திகளை ஒரு பெண் தேதி, மணி, எண் விடாமல் கையால் எடுத்தெழுதி வைத்திருந்தார். கணவர் வெளிநாடு போகும்போது வீட்டில் விட்டுப்போன பழைய போனில் அவை இருந்தன. அதன் திரை பாதி செத்துவிட்டது, மீதியும் போவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்து எழுதியிருக்கிறார். ஆங்கிலச் செய்திகளை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து வரைந்திருந்தார். செய்திகளுக்கு நடுவே வந்த சிரிக்கும் முகங்களைக்கூட விடவில்லை. ஒரு வட்டம், இரண்டு புள்ளி, ஒரு வளைவு.

அந்த நோட்டு முதன்முதலில் என் மேசைக்கு வந்தபோது நான் அதைத் திறக்கவில்லை. கோலார் தங்கவயலில் நான் அப்போது ஹெட் கான்ஸ்டபிள். திருவிழா பந்தோபஸ்து முடிந்து இரண்டு நாள் தூக்கம் பாக்கி இருந்தது. இதைச் சாக்காகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். அந்தப் பெண் பக்கத்துச் சுரங்கக் குடியிருப்பான பாலகாட்டிலிருந்து வந்திருந்தார். கணவர் ஃபிட்டர். சுரங்கம் மூடிய ஊரில் எல்லாரையும் போல விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்குப் போய் வேலை பார்த்தவர். அந்தப் பட்டறையும் மூடியபின், போனில் வந்த ஒரு விளம்பரத்தை நம்பி வெளிநாட்டுக்குப் புறப்பட்டுவிட்டார். ஃபிட்டரின் மனைவி என் முன்னால் உட்காரவில்லை. உட்காரும்படி நானும் சொல்லவில்லை.

“எங்க வூட்டுக்காரரு வெளிநாட்டு வேலைக்குப் போனாரு மேடம். பதினாறு நாளா போன் இல்ல. கடைசியா பேசனப்போ, ‘இது ஃபிட்டர் வேலை இல்ல, கம்ப்யூட்டர் முன்னால உக்கார வச்சிக்கீறாங்க, வெளிய விடமாட்டேன்றாங்க’ன்னாரு. அப்பறம் கட்டாயிடுச்சி.”

“ஏஜென்ட் யாரு?”

“தெரியாதுங்க. எல்லாம் போன்லயே பேசினாங்க. மூஞ்சிய பாத்ததில்ல.”

“மூஞ்சியே பாக்காம அனுப்பிட்டியா?” என்றேன். அதோடு விட்டிருக்கலாம். “போன எடத்துல உன் புருஷனுக்கு வேற யாருனா கெடச்சிருப்பாங்க. ஒரு மாசம் பாத்துட்டு வா, போ” என்றும் சொன்னேன். பின்னால் உட்கார்ந்திருந்த கான்ஸ்டபிள்கள் இருவர் சிரித்தார்கள். அவர் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே போனார்.

ஒரு மாதம் கழித்து வந்தார். ஆன்லைன் விஷயம், மாவட்டத் தலைநகரில் சைபர் போலீசுக்குப் போ என்றோம். அங்கே போய், உங்கள் ஊர் நிலையத்திலேயே கொடு என்று அவர்கள் சொன்னதாகத் திரும்பி வந்தார். குற்றம் இந்த எல்லையில் நடக்கவில்லையே என்றோம். பெங்களூரில் துணி தைக்கும் கம்பெனியில் வேலை செய்பவர், ஒவ்வொரு தடவையும் லீவு போட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. உண்மையில் எங்களுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. அடிதடி தெரியும், திருட்டு தெரியும். ஆள் தன் விருப்பத்தோடு விமானம் ஏறிப் போயிருக்கிறான், கூப்பிட்டவனுக்கு முகம் இல்லை, அடைத்து வைத்திருக்கும் இடம் எந்த நாடு என்றே தெரியவில்லை. இதை எந்தப் பிரிவில் எழுதுவது? தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்ததால் அதட்டினோம்.

இப்படியே, அவர் முதலில் வந்து நான்கு மாதம் ஆனது. வேலை தருவதாகச் சொல்லி வெளியூர், வெளிநாடு போகிறவர்களை ஆன்லைனில் ஏமாற்றுவது பற்றி நிலையங்களுக்கு ஒரு நாள் பயிற்சி என்று மேலிருந்து உத்தரவு வந்தது. நடத்த வந்த அதிகாரி பெங்களூர்க்காரர், நிதானமாகக் கன்னடம் பேசும் ஒல்லியான மனிதர். பாதிக்கப்பட்ட குடும்பத்திலிருந்து ஒருவரை அழைத்து வர முடியுமா என்று கேட்டிருந்தார். எங்கள் இன்ஸ்பெக்டருக்கு உடனே ஃபிட்டரின் மனைவி ஞாபகம் வந்துவிட்டது. என்னைத்தான் பாலகாட்டுக்கு அனுப்பினார்.

கதவைத் திறந்த ஃபிட்டரின் மனைவி, என் யூனிஃபாரத்தைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டார். சாவுச் செய்தி கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். இல்லை, ஒரு கிளாசுக்கு வர வேண்டும் என்று விளக்க வெகுநேரம் ஆனது. “போலீசுக்கு நான் இன்னா கிளாஸ் எடுக்கறது?” என்றார். பிறகு அந்த நோட்டைக் கொடுத்து, “இத மொதல்ல படிங்க” என்றார். அன்றுதான் படித்தேன். பாங்காக் விமான நிலையத்தில் யார் வந்து நிற்பார்கள், என்ன நிறச் சட்டை போட்டிருப்பார்கள், எந்த வண்டி, எத்தனை மணி என்று எல்லாம் இருந்தது. நான்கு மாதத்துக்கு முன்னால் என் மேசை மேல் கிடந்தது இதுதான்.

தொழிற்சாலைக் குடியிருப்பின் சமுதாயக்கூடத்தில் பயிற்சி. முப்பது பேர் இருந்தோம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதிகாரி ஒரு பயிற்சி வைத்தார். அந்த அம்மா முதல்முறை புகார் கொடுக்க வருவது போல நடிக்க வேண்டும், ஒரு கான்ஸ்டபிள் சரியான கேள்விகளைக் கேட்க வேண்டும். ஃபிட்டரின் மனைவி எழுந்து நின்றார்.

“எனக்கு நடிக்கத் தெரியாதுங்க சார். அன்னிக்கி எப்பிடி நின்னனோ அப்பிடியே நிக்கறேன். அன்னிக்கி பேசனவங்களும் இங்கதான் கீறாங்க. அவங்க அதையே சொல்லட்டும். அப்பறம் எப்பிடி பேசணும்னு நீங்க சொல்லிக் குடுங்க.”

அவர் என்னைப் பார்க்கவில்லை, பெயரும் சொல்லவில்லை. பேசாமல் உட்கார்ந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. எங்கள் நிலையத்துக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் எழுந்து முன்னால் போய், மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அவர் பதினாறு நாளாகப் போன் இல்லை என்பதிலிருந்து ஆரம்பித்தார். நான் சொன்னதையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். ‘வேற யாருனா’ என்ற இடம் வந்தபோது அதைத் தாண்டி அடுத்த வரிக்குப் போகப் பார்த்தேன். “சொல்லுங்க மேடம்” என்றார் அவர். சொன்னேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

அதிகாரி என்னைத் திட்டவில்லை. ஒரு நாற்காலியை இழுத்து அவரை உட்கார வைத்தார். “முதல் பாடம் இதுதான், நாற்காலி” என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு, நோட்டை விரித்து, எந்த எண்ணை எங்கே அனுப்புவது, பாஸ்போர்ட் நகல், விசா வகை, கடைசியாகப் பேசிய இடம் என்று கேட்டுக்கொண்டே புகாரை அங்கேயே எழுத வைத்தார். எழுதியது நான். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் புகாரை வாங்கலாம், எண் போட்டு உரிய இடத்துக்கு அனுப்பலாம் என்பதைப் பதினெட்டு வருட சர்வீசுக்குப் பிறகு அன்று செய்து பார்த்தேன். நோட்டில் இருந்த இரண்டு எண்கள் வேறு மாவட்டப் புகார்களிலும் இருந்தன. கோப்பு தூதரகம்வரை போனது. ஏழு மாதம் கழித்து, மீட்கப்பட்ட ஒரு கூட்டத்தோடு ஃபிட்டர் ஊர் வந்து சேர்ந்தார்.

வாக்குமூலம் வாங்கியதும் நான்தான். அவரை அங்கே தமிழில் செய்தி எழுத வைத்திருக்கிறார்கள். “நம்ம ஊரு பசங்க பேரா பாத்துக் குடுப்பாங்க மேடம். வேலை கீது, வாங்கன்னு நான்தான் எழுதணும். எழுதலன்னா சோறு இல்ல, அடி. யாருனா என் பேச்ச நம்பி வந்துட்டாங்களான்னு தெரியல” என்றார். அதை எழுதும்போது அவரைக் குற்றவாளி என்று எழுதுவதா, பாதிக்கப்பட்டவர் என்று எழுதுவதா என்று மேலே கேட்டேன். பாதிக்கப்பட்டவர் என்று பதில் வந்தது. அவர் அதை நம்பியதாகத் தெரியவில்லை.

இப்போது நானே இந்தப் பயிற்சியை நடத்துகிறேன். ஊர் ஊராகப் போகிறேன். என்னால் திருப்பி அனுப்பப்பட்ட புகாரைப் பற்றி ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்கிறேன். திரும்பத் திரும்பச் சொன்னதில் அந்தக் கதை எனக்கே வெறும் மனப்பாடமாகிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. எந்த இடத்தில் நிறுத்தினால் கூட்டம் அமைதியாகும் என்று தெரிந்துவிட்டது. கற்றுக்கொண்டவர்கள் ஆறு மாதத்தில் மாற்றலாகிப் போகிறார்கள், அவர்கள் இடத்துக்கு வருகிறவர்கள், மூஞ்சியே பாக்காம அனுப்பிட்டியா என்கிறார்கள். விளம்பரங்கள் மட்டும் ஒவ்வொரு மாதமும் திருத்தமாகின்றன. முன்பெல்லாம் எழுத்துப் பிழையை வைத்தே கண்டுபிடிக்கலாம் என்று சொல்லிக்கொடுத்தேன். அதையும் விட்டாயிற்று.

சில மாதங்களுக்கு முன் தங்கவயலில் கோரமண்டல் ரயில்வே ஸ்டேஷனில் ஃபிட்டரின் மனைவியைப் பார்த்தேன். வேலைக்குப் போகிற கூட்டத்தில் நின்றிருந்தார். நலம் விசாரித்து முடிப்பதற்குள் போனை நீட்டினார். “அவரு திருப்பி ஒரு எடத்துக்கு எழுதிப் போட்டுக்கீறாரு மேடம். வளைகுடா பக்கம். வூட்லயே எவ்ளோ நாள்தான் உக்காந்திருப்பாரு? இது நெஜமான்னு பாத்துச் சொல்லுங்க.” விளம்பரத்தை இரண்டு முறை படித்தேன். வகுப்பில் நான் சொல்லும் அடையாளங்களில் ஒன்றுகூட அதில் இல்லை. ஆனாலும் சரி என்று சொல்ல வாய் வரவில்லை. விசாரித்துச் சொல்கிறேன், அதுவரை அவர்கள் கூப்பிட்டாலும் போக வேண்டாம் என்றேன். ரயில் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

ஏஜென்சியின் பதிவை உறுதிசெய்யக் கடிதம் எழுதினேன், இரண்டு அலுவலகங்களுக்குப் போன் செய்தேன். ஒருவர் லீவு, இன்னொருவர் மீட்டிங். பதினோராம் நாள் பதில் வந்தது. கம்பெனி உண்மையானது, ஏஜென்சி அரசாங்கத்தில் பதிவானது, வேலையும் இருந்தது. ஆள் எடுத்து முடித்து நான்கு நாளாகிவிட்டது.

எப்படிச் சொல்வது என்று அரை நாள் தள்ளிப்போட்டு, பிறகு போன் செய்தேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் எனக்கும் இலேசாக இருந்திருக்கும். அவர் பக்கத்தில் இருந்த கணவரிடம், “அது நெஜமாவே இருந்துச்சாம்பா” என்றார். கணவர் என்னவோ கேட்டார்.

“இன்னா சொல்றாரு?” என்றேன்.

“‘அப்போ நெஜமாவும் வேலை கீதா’ன்னு கேக்கறாரு மேடம். வந்ததுலேர்ந்து எல்லாமே ஏமாத்துன்னு சொல்லிக்கினு இருந்தாரு.” பிறகு குரலைத் தாழ்த்தி, “திருப்பியும் எழுதிப் போடறேன்றாரு. அடுத்த தபா பதினோரு நாள் ஆக்காதீங்க” என்றார்.

சரி என்றேன். வைத்துவிட்டு, மறுநாள் வகுப்புக்கான தாளை எடுத்து, கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: இது உண்மையான வேலைதானா என்று ஒருவர் வந்து கேட்டால், எத்தனை நாளில் நம்மால் பதில் சொல்ல முடியும்? அதன்பிறகு பேசிய கூட்டங்களில் எல்லாம் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டேன். இத்தனை நாள் என்று யாரும் இன்னும் ஒரு கணக்கைச் சொல்லவில்லை.