மடிப்பென்று அழித்த பாதை

துணியில் ஒட்டிய அந்தப் பழைய வரைபடத்தை மேசையில் விரித்ததுமே பட்டியல் போட்டேன்: மை, கறை, பூச்சித்துளை, மடிப்பு. மை இருக்கட்டும், மற்றவை போகட்டும். பாடாலூருக்கு மேற்கே உள்ள மேட்டுக்காட்டு மேய்ச்சல் நிலத்தின் படம் அது. அதைக் கணினியில் ஏற்றுவது நில அளவை அலுவலகத்தில் என் வேலை. வடக்கிலிருந்து ஏரிவரை ஒரு மடிப்பு ஓடியது. அதன்மேல் தெரிந்த மங்கிய கோட்டையும், நடுவில் வளைந்த சின்னக் கறையையும் சேர்த்தே அழித்துவிட்டு, நிம்மதியாகச் சாப்பிடப் போனேன்.

சில வாரம் கழித்து எல்லைக்கல் பார்க்கப் போனபோதுதான் ஆட்டுக்காரம்மாவைச் சந்தித்தேன். அவருடைய செம்மறிகள் ஏரிக்குப் போகும் வழியில், பக்கத்து நிலத்துக்காரர் கம்பிவேலிக்குக் குழி தோண்டியிருந்தார். புதிய வரைபடத்தில் பாதையே இல்லை என்றார் அந்த வேலிக்காரர். கோடையில் அந்த ஏரியை விட்டால் வேறு தண்ணீர் கிடையாது. வேலி வந்தால் மந்தையை விற்றாக வேண்டும். ஆட்டுக்காரம்மா என்னிடம் நிதானமாகச் சொன்னார்: "படத்துல இல்லன்னா இல்லாமப் போவட்டும் பாப்பா. எங் கிடாவுக்குத்தான் படம் பாக்கத் தெரியாதே." வேலிக்காரரே சிரித்துவிட்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வழியைப் பதிவு செய்யும் என் கைக்கருவியைத் துணியில் சுற்றி, முன்னால் போகும் கிடாவின் கழுத்தில் கட்டினேன். கிடா நேராக நடந்தது. ஒரு பாறையைச் சுற்றி வளைந்தது. பிறகு திடீரென்று கருவேலங்காய் தின்ன விலகியது. "அது டீ குடிக்கப் போவுது. அத எழுதிக்காத," என்றார் ஆட்டுக்காரம்மா.

அலுவலகத்தில் கிடாவின் தடத்தைப் பழைய வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். நான் அழித்த கோட்டின் மேலேயே அது போனது. பாறை இருக்கும் இடத்தில், நான் கறை என்று நினைத்த வளைவோடு சேர்ந்து வளைந்தது. மடிப்பு எங்கே வளையும்? பூதக்கண்ணாடி வைத்ததும் புள்ளி புள்ளியாக மை தெரிந்தது. யாரோ அந்தப் பாதையை ஒட்டியே காகிதத்தை மடித்திருக்கிறார்கள். தவறு என்னுடையது என்று மேலதிகாரிக்கு எழுதிக்கொடுத்தேன். திருத்தம் வந்தது.

இப்போது எனக்கு அரியலூரில் வேலை. போன மாதம் அந்தப் பக்கம் போயிருந்தேன். வேலி வந்துவிட்டது, நடுவில் பாதையின் அகலத்துக்குத் திறப்பு. வேலிக்காரர் மோட்டார் சைக்கிளோடு அதற்குள் நுழையப் பார்த்தார். எதிரே மந்தை.

"செத்த நில்லுங்க," என்றார் ஆட்டுக்காரம்மா. "எங்க ஆளுங்க போயிடட்டும்."

அவர் வண்டியை அணைத்துவிட்டு, கடைசிக் குட்டி தாண்டும்வரை நின்றார்.