அட்டைப்படப் பெண்ணின் ரவிக்கை

புந்தோங் பேருந்து நிறுத்தம். சித்தியவான் ஊருக்குப் போகும் பேருந்துக்குக் காத்திருக்கும் நான், எதிரே உள்ள தையல் கடையின் பலகைச் சுவரைப் பார்த்துவிட்டு உள்ளே நுழைகிறேன். பழைய வார இதழ் ஒன்றின் தீபாவளி மலர் அட்டையை மூலைக்கொரு குண்டூசி குத்தி மாட்டியிருக்கிறார்கள். இப்படிப்பட்ட அட்டைகளைக் கண்ணாடித்தாளில் பொத்திப் பொத்திச் சேர்ப்பவன் நான். குண்டூசியைக் கண்டதும் வயிறு எரிகிறது.

கையால் வரைந்த படம். மத்தாப்பு பிடித்திருக்கும் பெண்ணின் கன்னத்தில் அதன் வெளிச்சம். கிளிப்பச்சை ரவிக்கையின் கை காற்றடைத்ததுபோல் உப்பி நிற்கிறது.

"இந்தப் படத்தை எனக்குக் கொடுப்பீங்களாக்கா?"

தைத்துக்கொண்டிருக்கும் அக்கா தலை நிமிரவில்லை. "முடியாதுண்ணே. அந்தக் கையப் பாத்துத்தான் தைக்கிறேன். எத்தன வாட்டி பிரிச்சாச்சு, நிக்க மாட்டேங்குது லா."

அவர் மடியிலும் கிளிப்பச்சைத் துணி.

"யாருக்கு?"

"எனக்குத்தான். ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குப் போட்டுட்டுப் போவணும்."

படத்தைக் கைபேசியில் எடுத்துப் பெரிதாக்கிக் காட்டுகிறேன். ஒவ்வொரு மடிப்பையும் ஓவியர் அவ்வளவு தெளிவாக வரைந்திருக்கிறார். கை தோளோடு சேரும் இடத்தில் மட்டும் பெண்ணின் பின்னலை முன்னால் எடுத்துப் போட்டு மறைத்துவிட்டார்.

அக்கா உற்றுப் பார்க்கிறார். பிறகு வாய்விட்டுச் சிரிக்கிறார். "வரைஞ்சவருக்கும் தெரியல லா! பரவால்ல, நான் தைச்சுக் காட்டுறேன்."

கத்தரிக்கோலை எடுத்து ரவிக்கையின் கையை மறுபடியும் பிரிக்கத் தொடங்குகிறார்.

வெளியே என் பேருந்து வந்துவிட்டது. அட்டையின் ஒரு மூலையில் குண்டூசி கழன்று தொங்குகிறது. அதை நானே அழுத்திக் குத்திவிட்டு ஓடுகிறேன்.