விருந்தாளிக்கு ஆற்றுத் தண்ணீர்

சைலஸ் கனாட்டே பத்தொன்பது வருஷமாக எங்கள் சாம்பல்கல் ஏரி ஊரின் தண்ணீர் நிலையத்தைப் பார்த்துக்கொள்கிறவர். நடத்துகிறவர் என்று சொன்னால் அவரே சிரிப்பார். வடிகட்டி உடைந்தால், புதியது லாரியில் வர ஏரிகள் உறைந்து அவற்றின் மேல் பனிப்பாதை திறக்க வேண்டும். அதுவரை குழாயில் வருவது கலங்கல்தான். கொதிக்க வைக்காமல் குடிக்காதீர்கள் என்ற அறிவிப்பை ஊர் வானொலியில் முதலில் வாசித்தவள் நான். அன்றைக்குப் பிறந்த பிள்ளைக்கு இப்போது மீசை முளைத்துவிட்டது. அறிவிப்பு அப்படியே இருக்கிறது.

என் பெயர் தபித்தா. சைலஸ் எனக்குப் பெரியம்மா மகன், அண்ணன் முறை. வானொலியில் பிங்கோ ஆட்டத்துக்கு எண் கூப்பிடுவது, விமானம் வருமா வராதா என்று சொல்வது, தலைநகர் ஒட்டாவாவில் பெரிய மனிதர்கள் பேசுவதை எங்கள் மொழியில் சொல்வது, எல்லாம் நான்தான். எனக்கு வாய் நீளம் என்பார்கள். நீள வேண்டிய ஒரு நாளில் அது நீளவில்லை. அந்த வயிற்றெரிச்சலில்தான் இதைச் சொல்கிறேன்.

அண்ணன் மனைவி கெசியாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. நாலு வருஷமாகத் தண்டர் பே நகரத்தில் ஒரு விடுதி அறையில் கிடந்தாள். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அந்த எந்திரத்தை எங்கள் ஊர் மருத்துவ நிலையத்திலேயே வைக்கலாம், இடம்கூட இருக்கிறது என்றாள் நர்ஸ். ஆனால் எந்திரத்துக்கு நல்ல தண்ணீர் வேண்டும். ஊருக்கெல்லாம் தண்ணீர் விடுகிற மனுஷன், பெண்டாட்டியைக் கூட்டிவர நல்ல தண்ணீர் இல்லாமல் நின்றார்.

புது நிலையம் கட்டித் தருகிறோம் என்று முந்தைய அரசாங்கம் நாடாளுமன்றத்தில் வாக்குக் கொடுத்திருந்தது. பட்டியலில் எங்கள் ஏரியின் பெயர் இருந்தது. அண்ணன் அந்தத் தாளை நிலையத்துக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தார். பிறகு அரசாங்கம் மாறியது. கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதா வேண்டாமா என்று பேச்சு எழும்பியது. அதற்கு முன் நேரில் பார்க்க நாலு எம்.பி.க்கள் பிப்ரவரியில் விமானத்தில் வந்தார்கள், அவரவர் தண்ணீர்ப் பாட்டிலோடு.

இங்கே மதினியின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்தவர்களுக்கு அவள் குழாய்த் தண்ணீர் கொடுத்ததே இல்லை. "நம்ம கஷ்டத்த வந்தவங்க ஏன் குடிக்கணும்?" என்பாள். பதினாலு கிலோமீட்டர் தள்ளி ஆறு ஏரியில் விழும் இடம். அங்கே பனியில் துளை போட்டு, சறுக்குவண்டியில் இரண்டு நீல டிரம் நிறையக் கொண்டுவர வேண்டும். அவள் நகரத்துக்குப் போன பிறகும் அண்ணன் அதை விடவில்லை. விருந்தாளிக்காக என்ன பாடுபட்டோம் என்று விருந்தாளியிடம் சொல்வது எங்களிடம் கிடையாது. சொன்னால் கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கியதுபோல.

வந்தவர்களில் சிவப்பு மப்ளர் போட்ட ஒருவர் குளிர் தாங்காமல் அண்ணன் வீட்டுக்குள் வந்தார். மொழிபெயர்க்க நானும் கூடப் போனேன். தங்கமான மனுஷன்போல் தன் பாட்டிலை ஓரமாக வைத்துவிட்டு, "உங்க வீட்டுத் தேநீரே போதும்" என்றார். அண்ணனுக்கு அப்படியொரு சந்தோஷம். டிரம்மில் மொண்டு கெட்டிலை வைத்தார். ரொட்டி சுட்டுக் கொடுத்தார். அவர் இரண்டு கோப்பை குடித்தார். நான் டிரம்மைப் பார்த்தேன், அண்ணனைப் பார்த்தேன், வாயை மூடிக்கொண்டேன்.

விவாதம் ஏப்ரலில், ஒரு மதியம். பிங்கோவை நிறுத்திவிட்டு அதைத்தான் ஒலிபரப்பினேன். "அவனுங்க பேச்சக் கேட்டா சட்டி நெறையுமா? பிங்கோவப் போடு தாயி" என்று எலியாசர் மாமா போனில் சண்டை பிடித்தார். அண்ணன் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மதினி அங்கே விடுதியில் செல்போனில் எங்கள் வானொலியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வடக்கிலிருந்து போன ஒரு பெண் உறுப்பினர் நன்றாகப் பேசினார். சொன்ன சொல்லுக்கு மதிப்பு வேண்டாமா என்று கேட்டார். அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

அப்புறம் சிவப்பு மப்ளர் எழுந்தார். கொட்டிக் கொடுத்தாகிவிட்டது, இன்னும் எவ்வளவு என்று ஆரம்பித்தார். "நான் நேரில் போனேன். சாம்பல்கல் ஏரியில் தண்ணீர் நிலையத்தைப் பார்க்கிறவர் வீட்டிலேயே தேநீர் குடித்தேன். என் வீட்டில்கூட அவ்வளவு நல்ல தண்ணீர் கிடையாது."

அதை எங்கள் மொழியில் சொல்லாமல் நிறுத்தினேன். விட்டுவிட்டால் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியப்போவதில்லை. அண்ணன் என் முகத்தைப் பார்த்தார்.

"சொல்லும்மா. அவரு பொய் சொல்லல" என்றார்.

சொன்னேன். உடனே போன் அடித்தது, எலியாசர் மாமா. "ஏன்டா சைலஸ், ஒன் வீட்டுக்கு மட்டும் தனிக் குழாயா?" என்று சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது. "டிரம்மா?" என்று கேட்டார். மாமா போனை வைத்துவிட்டார்.

அடுத்து மதினி கூப்பிட்டாள். "ஆத்துத் தண்ணியா குடுத்தீங்க?"

"ஆமா."

"பின்ன, வேற எதக் குடுப்பீங்க?" என்றாள். பிறகு, "ரொட்டி சுட்டீங்களா?" என்று கேட்டாள்.

ஓட்டெடுப்பில் தோற்றோம். கொடுத்த வாக்கை மீறவில்லையாம், மறுபரிசீலனை செய்கிறார்களாம். ஜூன் மாதம் புதுப் பட்டியல் வந்தது. அதில் எங்கள் ஏரி இல்லை. அது ஆற்றுத் தண்ணீர் என்று நான் மூன்று கடிதம் எழுதினேன். தேநீருக்கும் உபசரிப்புக்கும் நன்றி என்று மப்ளர்காரரின் அலுவலகத்திலிருந்து ஒரு பதில் வந்தது. அவ்வளவுதான். அண்ணன் கதவில் ஒட்டியிருந்த பழைய தாளைக் கிழிக்கவில்லை.

செப்டம்பரில் மதினி எந்திரம் போதும் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டாள். நிறுத்தினால் எத்தனை நாள் என்று அவளுக்குத் தெரியும், அண்ணனுக்கும் தெரியும். "இன்னும் எத்தன வருஷம் அந்தச் செவுத்தையே பாக்குறது?" என்றாள் என்னிடம். நான் அழுதேன். அவள் அழவில்லை.

அவள் வருகிற அன்று விடியும்போதே அண்ணன் படகில் ஆற்று முகத்துக்குப் போய் இரண்டு டிரம்மையும் நிரப்பி வந்தார். கட்டிலில் அவளைப் படுக்க வைத்து, பூப்போட்ட நல்ல கோப்பையில் தேநீர் போட்டு நீட்டினார். மதினி டிரம்மைப் பார்த்தாள். கோப்பையை வாங்கவில்லை.

"நான் என்ன விருந்தாளியா?"

"கெசியா, குடி. வேணும்னுதான் போயி எடுத்துட்டு வந்தேன்."

"இது என் வீடு. எனக்குக் கொழாத்தண்ணி குடுங்க."

அண்ணன் கோப்பையை என் கையில் கொடுத்துவிட்டுக் குழாயைத் திறந்தார். கலங்கலாக வந்தது. பத்தொன்பது வருஷமாக அவர் வடிகட்டிய தண்ணீர் அது. கொதிக்க வைத்து, அவளுடைய பழைய தகரக் குவளையில் தேநீர் போட்டுக் கொடுத்தார். மதினி மெதுவாக முழுவதையும் குடித்தாள்.

அதன் பிறகு உயிரோடு இருந்த ஒன்பது நாளும் அதைத்தான் கேட்டுக் குடித்தாள். டிரம்மில் இருந்ததை, துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்குத் தேநீர் போட்டோம்.