மாமாவின் அலமாரியில் இல்லாத செவ்வாய்க்கிழமை

நாங்கள் மேற்குத் தாம்பரத்தில் குடியிருந்தபோது, அம்மாவின் தம்பியான என் மாமா கதை எழுதிக்கொண்டிருந்தார். எந்த ஆண்டு என்பதைக் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். நான் ஆறாம் வகுப்பில் இருந்தேன். வீட்டுக்கு டெலிவிஷன் வந்துவிட்டது, கலர் வரவில்லை. ஆகவே எண்பத்தேழு, அல்லது எண்பத்தெட்டு. தீபாவளிக்கு முந்தைய மாதங்கள் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை. நடந்தது எல்லாம் ஒரு தீபாவளி மலருக்காக நடந்தது.

மாமாவுக்குக் கிண்டியில் குமாஸ்தா வேலை. எங்கள் வீட்டு மாடியறையில் தங்கியிருந்தார். அந்த அறையில் கட்டிலைவிடப் பெரிய அலமாரி ஒன்று இருந்தது. எழுத்தாளரின் அலமாரி என்று நம்பி அதைத் திறப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். கதைப் புத்தகம் ஒன்றுகூடக் கிடையாது. ரயில்வே கால அட்டவணை, பல வருடத்துப் பஞ்சாங்கங்கள், அட்டை கிழிந்த டெலிபோன் டைரக்டரி, சமையல் புத்தகம், வீட்டு வைத்தியம், தோட்டக்கலைக் கையேடு, செங்கல்பட்டு மாவட்ட வரைபடம். பக்கத்து ஆணியில் ஒரு மஞ்சள் பை நிறையக் கல்யாணப் பத்திரிகைகள். கதாபாத்திரங்களுக்குப் பெயர் அந்தப் பையிலிருந்துதான் வரும். ஒரு பத்திரிகையிலிருந்து மாப்பிள்ளை, இன்னொன்றிலிருந்து பெண், மூன்றாவதிலிருந்து தாய்மாமன். "அச்சுல வந்த பேரா இருந்தாத்தான் ஆள் நிஜமா நடப்பான்" என்பார் மாமா.

புத்தகங்கள் எல்லாம் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகிற வழியிலிருந்த பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கியவை. கடைக்காரருக்கு மாமாவைப் பார்த்தாலே குஷி வந்துவிடும்.

"இன்னா சார், போன வருசத்துப் பஞ்சாங்கத்த வாங்கினு போற? நேத்து நல்ல நேரமா கெட்ட நேரமான்னு பாக்கவா?"

"ஆமாங்க. நேத்து என்ன நடந்துதுன்னு இன்னும் புரியல" என்பார் மாமா.

இந்த அலமாரி வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதற்கு முன்பு ஒரு வாரப் பத்திரிகையில் மாமாவின் கதை வெளியானது. அதில் கதாநாயகன் எக்ஸ்பிரஸ் ரயிலில் வந்து பெருங்களத்தூரில் இறங்குவான். இரண்டு வாரம் கழித்து வாசகர் கடிதப் பகுதியில் ஒருவர் கேட்டிருந்தார்: "பெருங்களத்தூரில் எந்த எக்ஸ்பிரஸ் நிற்கிறது? கதாசிரியர் சங்கிலியைப் பிடித்து இழுத்தாரா?" அதன்பிறகு அந்தப் பத்திரிகைக்கு அனுப்பிய கதைகள் எல்லாம் தபால்தலை ஒட்டிய உறையில் பத்திரமாகத் திரும்பி வந்தன. மாமாவுக்கு அந்தச் சங்கிலி தொண்டையிலேயே மாட்டிக்கொண்டது.

அப்போதுதான் நான் வேலைக்குச் சேர்ந்தேன். மாமா எழுதி முடித்ததும் நான் புத்தகங்களோடு உட்கார்ந்து சரிபார்ப்பேன். இந்த மாதத்தில் மகிழம்பூ பூக்குமா? இந்த ரயில் இந்த நேரத்துக்குத் தாம்பரத்தை விட்டுக் கிளம்புமா? அன்று இரவு நிலா உண்டா? எனக்கு இதைவிடச் சுவாரசியமான விளையாட்டு கிடைத்ததில்லை. ஒரு கதையைப் பிரித்துப் பார்த்தால் அதற்குள் இருப்பவை எல்லாம் இந்த அலமாரியில் எங்கோ ஒரு பக்கத்தில் இருக்கும் என்று முழுமையாக நம்பினேன். எந்த வரி எந்தப் புத்தகத்திலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்காமல் எனக்குத் தூக்கம் வராது.

மாமாவுக்குக் காகிதமும் கார்பனும் வாங்கி வருவதும் என் வேலைதான். மார்க்கெட் அருகில் இருந்த ஸ்டேஷனரி கடை அது. கல்லாவில் கடைக்காரரின் மகள் உட்கார்ந்திருப்பார். நான் அவரை அக்கா என்பேன். அவர் தலைக்கு மேலே பைபிள் வசனம் போட்ட காலண்டர் தொங்கும். ஆபீசிலிருந்து வரும் மாமா அந்தக் கடையைத் தாண்டித்தான் வர வேண்டும். இருந்தும் என்னைத்தான் அனுப்புவார்.

"மாமா இப்ப என்ன எழுதுறாரு?" என்று அக்கா ஒவ்வொரு முறையும் கேட்பார்.

"சஸ்பென்ஸ்" என்பேன் நான்.

"அடேங்கப்பா" என்று சிரித்துக்கொண்டே காகிதக் கட்டில் சில தாள்களைக் கூடுதலாக வைப்பார். எண்ணத் தெரியாத அக்கா என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அந்த வருடம் அதே பத்திரிகை தீபாவளி மலருக்கு மாமாவிடம் கதை கேட்டுக் கார்டு போட்டது. ஆசிரியர் மாறியிருந்தாராம். அம்மா கார்டை வாங்கிச் சுவாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். "டேய், இந்தத் தடவ ரயிலே வேணாம். ஆளெல்லாம் நடந்தே வரட்டும்" என்றாள். இதிலும் ஒரு தவறு வந்து வாசகர்கள் சிரித்தால் அந்தக் கதவு மறுபடியும் சாத்திக்கொள்ளும் என்பது எங்கள் மூவருக்கும் தெரிந்திருந்தது. எனவே நான் என் பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டேன்.

கதை இதுதான். ஓர் இளைஞன் தன் அக்காவோடு படப்பையில் பெண் பார்க்கப் போகிறான். பெண்ணின் அப்பா பள்ளி ஆசிரியர். பெண் தட்டை நீட்டும்போது அவனைப் பார்த்துச் சிரித்துவிடுகிறாள். அவர்கள் ஏற்கெனவே தெரிந்தவர்கள் என்பது அந்த ஒரு சிரிப்பில் எல்லோருக்கும் விளங்கிவிடுகிறது. இரண்டு வீட்டாரும் சொல்லி அனுப்புகிறோம் என்கிறார்கள். யாரும் சொல்லி அனுப்புவதில்லை. அவ்வளவுதான்.

"ஏன் மாமா சொல்லி அனுப்பல?" என்று கேட்டேன்.

"அதுக்குக் காரணம் எந்தப் புத்தகத்துலயும் கிடைக்கலம்மா."

நான் வேலையைத் தொடங்கினேன். பெண்ணின் பெயர் மஞ்சள் பையில் கிடைத்தது. படப்பை போகும் சாலை வரைபடத்தில் இருந்தது. பெண் வீட்டில் தந்த பலகாரத்தை முதலில் கேக் என்று எழுதி, அடித்துவிட்டு, மேலே கேசரி என்று எழுதியிருந்தார். கேசரிக்கு ரவைக்கு எத்தனை பங்கு சர்க்கரை என்றுகூட ஒரு வரி வந்தது. சமையல் புத்தகத்தைப் பார்த்தேன். சரியாக இருந்தது.

அடுத்த பக்கத்தில் பென்சில் நின்றது. அவர்கள் பெண் பார்க்கப் போன நாள் செவ்வாய்க்கிழமை. நேரம் பிற்பகல் மூன்றரை.

எங்கள் வீட்டில் செவ்வாய்க்கிழமை நகம்கூட வெட்ட மாட்டார்கள். பஞ்சாங்கத்தைப் புரட்டினேன். செவ்வாய்க்கிழமை மூன்றிலிருந்து நாலரை வரை ராகு காலம் வேறு. சந்தோஷத்தில் அந்த வரியின் கீழ் இரண்டு கோடு போட்டேன். பெருங்களத்தூர் எக்ஸ்பிரஸைவிடப் பெரிய தவறைக் கண்டுபிடித்துவிட்டேன்.

"மாமா! செவ்வாக்கெழம யாராவது பொண்ணு பாக்கப் போவாங்களா? அதுவும் ராகு காலத்துல? புதன்னு மாத்துங்க."

மாமா தாளை வாங்கிப் பார்த்தார். நான் சுட்டிக்காட்டிய தவறுகளை அவர் எப்போதும் உடனே அடித்துத் திருத்துவார். அன்று பேனாவை எடுத்தார். மூடியைத் திருகித் திறந்தார். பிறகு மறுபடியும் மூடினார்.

"இருக்கட்டும்மா."

"எல்லாரும் சிரிப்பாங்க மாமா! திருப்பி அனுப்பிடுவாங்க!"

"மத்ததெல்லாம் மாத்திட்டேன். இது ஒண்ணு இருக்கட்டும்."

எனக்கு அழுகை முட்டியது. கதையையும் பஞ்சாங்கத்தையும் தூக்கிக்கொண்டு கீழே ஓடினேன். அம்மா ரசம் கூட்டிக்கொண்டிருந்தாள். எந்தக் காரியத்துக்கும் நாள் பார்க்கிறவள், தம்பியைத் திட்டித் திருத்தவைப்பாள் என்று நினைத்தேன். அம்மா கரண்டியோடு நின்றபடி முதல் பக்கத்திலிருந்து படித்தாள். ரசம் நுரை கட்டிப் பொங்கி அடுப்பில் வழிந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"செவ்வாதான். மாத்த வேணாம்" என்றாள் கடைசியில்.

"நீ பஞ்சாங்கம் பாக்கலயேம்மா!"

"பாக்காமத்தாண்டி போனோம்" என்று சொல்லிவிட்டு, வழிந்த அடுப்பைத் துடைக்கத் தொடங்கினாள். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

கதை அப்படியே போனது. அப்படியே வெளியும் வந்தது. தீபாவளி முடிந்து மழையும் ஓய்ந்து, தெருவில் கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள் தொங்கத் தொடங்கியபோது நான் பயந்தது நடந்தது. வாசகர் கடிதப் பகுதியில் ஒருவர் கேட்டிருந்தார்: "செவ்வாய்க்கிழமை ராகு காலத்தில் பெண் பார்க்கப் போகும் குடும்பம் எந்த ஊரில் இருக்கிறது?"

மாமா சத்தமாகப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் சொன்னேனே என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் சிரித்துவிட்டார். "தாம்பரத்துலதாங்கன்னு பதில் போடலாமா?" என்றார். போன தடவை சங்கிலிக் கடிதம் வந்தபோது இரண்டு நாள் சாப்பிடாதவர். புத்தகம் எதையும் எடுத்துப் பார்க்கவில்லை. புதிதாக ஒரு கதை எழுத வேண்டும், காகிதம் தீர்ந்துவிட்டது, நாளைக்குப் போய் வாங்கி வா என்று மட்டும் சொன்னார்.

நாளை வரை காத்திருப்பானேன் என்று நான் அன்றைக்கே கிளம்பிப் போனேன். அவமானப்பட்ட எழுத்தாளருக்கு என்னால் முடிந்த உதவி. கடை பூட்டியிருந்தது. கதவின் மேல் பெயிண்டால் எழுதிய தகரப் பலகை: செவ்வாய் விடுமுறை. வீணாக நடந்துவிட்டேனே என்று எரிச்சலோடு திரும்பும்போது மேலேயிருந்து ஒரு குரல் கேட்டது. கடைக்கு மேலேதான் அவர்கள் வீடு. மாடிக் கம்பியில் காகித நட்சத்திரத்தைக் கட்டிக்கொண்டிருந்த அக்கா எட்டிப் பார்த்தார்.

"இன்னைக்கு லீவும்மா. மாமா சொல்லலயா?"

"நாளைக்குன்னுதான் சொன்னாரு. நாந்தான் வந்துட்டேன்."

"அவர் கதை படிச்சேன்." நட்சத்திரத்தின் கயிறு அவர் கையிலேயே இருந்தது. "கேசரி ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு சொல்லு."

எனக்குக் கால் தரையில் படவில்லை. வீடு வரை ஓடினேன். மாடியேறி, மூச்சு வாங்க, அக்கா சொன்னதை வார்த்தை மாறாமல் சொன்னேன். மாமா கையிலிருந்த பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தப் பாராட்டு எனக்குத்தான் என்று எடுத்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமையைத்தான் அவர் திருத்தாமல் விட்டுவிட்டார். கேசரியின் அளவைச் சரிபார்த்தது நான். அந்த மலரைப் படித்த இத்தனை பேரில் அதைக் கவனித்தவர் ஒருவராவது இருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டு, சமையல் புத்தகத்தை எடுத்து மறுபடியும் அதன் இடத்தில் அடுக்கி வைத்தேன்.